இயந்திரம் யாருக்கு, ஆசிரியர் யாருக்கு?

2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு பாடத்திட்டத்தில் இடம்பெறும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்த அறிவிப்பை வரவேற்றவர்கள், அதே மூன்றாம் வகுப்பைப் பற்றிய இன்னொரு செய்தியையும் அருகில் வைத்துப் படித்திருக்க வேண்டும். நாட்டின் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பயிலும் குழந்தைகளுள் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க வல்லவர்கள். ஐந்தாம் வகுப்பில் அது 44.8 விழுக்காடு. அதாவது, தொடக்கப் பள்ளியை முடித்து வெளியேறும் நிலையிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் எட்டவில்லை.

இந்த எண்களில் ஆறுதலும் இருக்கிறது. 2022இல் மூன்றாம் வகுப்புக்கான அளவு 16.3 விழுக்காடாகவே இருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏழு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்திருக்கின்றன. அந்த ஆண்டுகளில் பள்ளிகளில் புதிதாக நடந்தது என்ன? 2021இல் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டத்தின்கீழ் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கற்பித்தல் பொருள்கள் வகுப்பறைக்கு வந்தன. மனிதர்கள், குழந்தைகளுக்கு, எழுத்தைக் கற்பித்தார்கள். இந்தப் பழைய, பகட்டற்ற செயலின் பயனைக் கண்ணெதிரே கண்டபின்பும், ‘செயற்கை நுண்ணறிவே கல்வியின் தரத்தை உயர்த்தும்’ என்ற முழக்கம் மேலும் மேலும் உரக்க ஒலிக்கிறது. 2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டம், கல்விக்கான செயற்கை நுண்ணறிவு உயர்திறன் மையத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த மையம் என்ன செய்யும் என்பதைவிட, அது எந்த வெற்றிடத்தை நிரப்பும் என்று கருதப்படுகிறது என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினா.

இம்முழக்கத்தை எழுப்புவோரின் வாதத்தை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்வது நேர்மை. 1984இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களுள் 98 விழுக்காட்டினரை விஞ்சியதாக அதில் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை. ஆயினும் தனிக் கவனம் பயன் தரும் என்பதில் ஐயமில்லை. எல்லாக் குழந்தைக்கும் தனி ஆசிரியர் அமர்த்த எந்த அரசாலும் இயலாது. இயந்திரத்தால் அது இயலும். ஆகவே இதுவே ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய தனி ஆசிரியர் என்பதே அவர்களின் வாதம். கேட்பதற்கு இனிமையானது, முழுப் பொய்யும் அன்று. ஆனால் அதன் ஆதாரங்களைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு உண்மை வெளிப்படுகிறது.

இந்தியாவில் இவ்வாதத்துக்கு மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது தில்லியில் 2015-16இல் நடந்த ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரின் அவ்வாய்வு 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கணினிவழிக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்தும் மையங்களில் சேரும் வாய்ப்பு, குலுக்கல் முறையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்டது. நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவுக்கு அவர்கள் முன்னேறினர். கல்வி ஆய்வுகளில் இவை அரிதான எண்கள். ஆகவே இயந்திரம் வென்றது என்று அறிக்கைகள் முடித்துக்கொள்கின்றன.

அவ்வாய்வில் அறிக்கைகள் சொல்லாமல் விடும் மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, அந்த மையத்தில் ஒரு நாளின் வகுப்பு 90 நிமிடம். அதில் பாதியே கணினியின் முன் கழிந்தது. மீதி 45 நிமிடம் பன்னிரண்டு முதல் பதினைந்து குழந்தைகள் கொண்ட சிறு குழுவுக்கு ஒரு மனிதர் துணைநின்று கற்பித்தார். அம்மனிதரின் பங்கையும் மென்பொருளின் பங்கையும் தனித்தனியே பிரித்தறிய அந்த ஆய்வின் அமைப்பு இடந்தரவில்லை. பிறகு எந்தத் துணிவில் மனிதரை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நாடெங்கும் பரப்ப முனைவது?

இரண்டாவது, அந்த மென்பொருள் செய்த பெரும்பணி மாயவித்தை எதுவும் அன்று. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்தது. மென்பொருள், ஒவ்வொரு குழந்தையும் உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. வகுப்பாசிரியருக்கு அந்த உரிமை இல்லை. அவர் பாடநூலை முடித்தாக வேண்டும். குழந்தைகளை வயதின்படி அல்லாமல் கற்ற நிலையின்படி குழுவாக்கிக் கற்பிக்கும் முறையைப் ‘பிரதம்’ அமைப்பு சாக்பீசும் அட்டைகளும் கொண்டே பல மாநிலங்களில் செய்துகாட்டியிருக்கிறது; அப்பணியின் மதிப்பீட்டில் பங்குகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். தரத்தை உயர்த்திய சூத்திரம் ‘குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு’ என்பது. அதை நிறைவேற்றும் கருவிகளுள் ஒன்றே கணினி.

மூன்றாவது, ஆய்வாளர்களின் தேர்வில் கணிதத்தில் அவ்வளவு முன்னேறிய அதே மாணவர்கள், பள்ளி நடத்திய வகுப்புநிலைக் கணிதத் தேர்வில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டவில்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிலைக்கு ஏறிய மாணவரை எட்டாம் வகுப்பு வினாத்தாள் இன்னமும் ‘தோல்வி’ என்றே குறிக்கும். பாடத்திட்டமும் தேர்வும் மாறாத வரை, எந்த இயந்திரத்தின் பயனும் மதிப்பெண் பட்டியலின் கண்ணுக்குத் தெரியாது.

அந்த மென்பொருளாவது, ஒரு வரையறைக்குள் கேள்விகளைத் தேர்ந்து தருவது. இன்று பேசப்படுவது கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் உரையாடல் இயந்திரம். அதன் விளைவை அறியத் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1000 மாணவர்களிடம் சோதனை நடந்தது. முடிவுகள் 2025இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. கணிதப் பயிற்சியின்போது உரையாடல் இயந்திரத்தைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் 48 விழுக்காடு கூடுதலாகச் சரியான விடை தந்தனர். பின்னர் இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதை ஒருநாளும் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்களின் துணையோடு வடிவமைக்கப்பட்ட இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்குப் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேற்றம். தேர்விலோ அவர்களுக்கு இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை. பயிற்சியில் தெரிந்த திறமை இயந்திரத்தினுடையது, குழந்தையினுடையது அன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வந்ததில்லை.

இவ்விடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு எழும்: “ஆசிரியரே இல்லாத ஊரில் இயந்திரமாவது இருக்கட்டுமே!” இரக்கத்தின் குரலில் வருவதால் இதற்கு விடை சொல்லத் தயங்குகிறவர் பலர். தயங்காமல் விடை சொல்ல வேண்டிய இடம் இதுவே.

ஒன்றிய அரசின் ‘யுடைஸ்’ தரவின்படி 2024-25இல் நாட்டில் ஒரே ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயில்வோர் ஏறத்தாழ 33.76 லட்சம் குழந்தைகள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ, 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கே குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஆகவே ‘ஆசிரியர் இல்லாத ஊர்’ என்பது மழை பெய்யாத ஊர் போன்ற இயற்கை நிகழ்வு அன்று. நிரப்பப்படாத பணியிடத்தின் பெயர் அது. மீறப்பட்ட சட்டத்தின் பெயர் அது. அந்த மீறலை மூடும் திரையாக இயந்திரத்தைத் தொங்கவிடுவதற்கு இரக்கம் என்று பெயரிட முடியாது.

அந்த ஒற்றை ஆசிரியரின் நாளையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து வகுப்புகளை ஓரறையில் அமர்த்திக் கற்பிப்பவர் அவர். மதிய உணவுக் கணக்கு அவருடையது. வருகைப்பதிவும் தரவேற்றமும் அவருடையவை. சட்டத்தின் 27ஆம் பிரிவு கல்விசாராப் பணிகளைத் தடை செய்தாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றுக்கு விலக்களிக்கிறது. வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குபவரும் பெரும்பாலும் அவரே. அவர் கையில் கைக்கணினி ஒன்றைத் தந்து ‘இனித் தரம் உயரும்’ என்பது, நீந்திக் களைத்தவரின் முதுகில் நீச்சல் பற்றிய நூலைக் கட்டிவிடுவதற்கு ஒப்பானது.

இந்த நாடு இத்தகைய நம்பிக்கையை முதன்முறையாகக் கொள்ளவுமில்லை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. அறிவியல் சாதனை என்ற முறையில் அது பெருமைக்குரியது. செயற்கைக்கோள் நகர்ந்ததும் நேரடி ஒளிபரப்பு முடிந்தது. பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறை முடியவில்லை. 1984-85இல் பள்ளிகளுக்குக் கணினியறிவு தரும் ‘கிளாஸ்’ திட்டம் வந்தது. பிரித்தானியாவின் பிபிசி மைக்ரோ கணினிகள் இறக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2024-25இன் ‘யுடைஸ்’ தரவு கணினி வசதி உள்ள பள்ளிகள் 64.7 விழுக்காடு என்றும், இணைய இணைப்பு உள்ளவை 63.5 விழுக்காடு என்றும் சொல்கிறது. மூன்றில் ஒரு பள்ளிக்கு இன்றும் இணையம் இல்லை. பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய கென்டாரோ டோயாமா, இத்தகைய திட்டங்கள் பலவற்றை நடத்திப் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்தார். தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித ஆற்றலைப் பெருக்கும். இல்லாத ஆற்றலை உண்டாக்காது என்பது அம்முடிவு. நல்ல ஆசிரியர் உள்ள பள்ளியில் கருவி நன்மையைப் பெருக்கும். ஆசிரியரே இல்லாத பள்ளியில் எதைப் பெருக்கும்? சுழியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியமே.

மொழியின் கதை இன்னும் கசப்பானது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே பேசுகிறது. இன்றைய பெரும் மொழி மாதிரிகளோ ஆங்கில நூல்களையும் இணையப் பக்கங்களையும் முதன்மை உணவாகக் கொண்டு வளர்ந்தவை. ஒரு தொடரைச் சிறு துண்டுகளாக வெட்டியே அவை படிக்கின்றன. ஆங்கிலத் தொடர் சில துண்டுகளில் அடங்கும். அதே பொருளுள்ள தமிழ், ஒடியா, மலையாளத் தொடர்கள் பெரும்பாலும் அதைவிடப் பல துண்டுகளாகச் சிதறும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடப்படும் இடங்களில், ஏழை மொழியின் குழந்தை கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த தரத்தைப் பெறும். அட்டவணை மொழிகளுக்கே இந்த நிலை. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியான பீலியும், ஏறத்தாழ 30 லட்சம் பேரின் தாய்மொழியான கோண்டியும் அந்த அட்டவணையிலேயே இல்லை. வீட்டில் கோண்டி பேசி வகுப்பில் இந்தி கேட்டு விழிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, அருகில் வந்து அமர்ந்து, அவள் சொல்லிலேயே ஒன்றைச் சொல்லிக்காட்டத் தெரிந்த ஓர் உள்ளூர் ஆசிரியைக்கு இணையான செயலி இன்று எதுவும் இல்லை. ‘பாஷினி’ திட்டமும் சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழுவும் இந்திய மொழிகளுக்குச் செய்துவரும் பணி போற்றத்தக்கது. ஆனால் வழி நெடிது. ஊர் சேரும் முன்பே ‘வந்துவிட்டோம்’ என்று அறிவிப்பதுதான் தவறு.

கருவி வீட்டுக்கு வந்தாலும் யார் கைக்கு வருகிறது என்பது அடுத்த வினா. 14 முதல் 16 வயது வரையுள்ள ஊரகச் சிறாரிடம் ‘அசர் 2024’ கேட்டறிந்தவற்றுள், திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களிடையே சொந்தப் பேசி வைத்திருக்கும் ஆண் பிள்ளைகள் 36.2 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 26.9 விழுக்காடு. ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆசிரியர்’ என்ற வாக்குறுதி, வீட்டின் வாசற்படியிலேயே அண்ணனிடம் நின்றுவிடுகிறது.

வகுப்பறைக்குள் நுண்ணறிவு இயந்திரம் எந்த வேடத்தில் முதலில் நுழைந்தது என்பதையும் மறக்கலாகாது. 2022இல் ஆந்திரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் வருகைப்பதிவுக்கு முகமறி செயலி கட்டாயமாக்கப்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்துக் குரலெழுப்பின. கற்பிக்கத் துணைபுரியும் தோழனாக வருவதற்கு முன்பே அது காவலனாக வந்துவிட்டது. குழந்தைகளின் நிலையும் பாதுகாப்பானதன்று. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. 2025இல் அறிவிக்கப்பட்ட விதிகள் கல்விச் செயல்பாடுகளுக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கின்றன. ஒரு குழந்தை எங்கே தடுமாறியது, எதைத் திரும்பத் திரும்பத் தவறாக எழுதியது என்ற பதிவு, பத்தாண்டு கழித்து எங்கே, யாருடைய கோப்பில் இருக்கும்? ஆசிரியர் தம் மாணவரின் தவறுகளை மறந்துவிடுவார். மறதியும் கற்பித்தலின் அருள்களுள் ஒன்று. இயந்திரம் தானாக மறப்பதில்லை.

இவையனைத்தும் செயற்கை நுண்ணறிவைக் கல்வியிலிருந்து துரத்த வேண்டும் என்பதற்கான வாதங்கள் அல்ல. எவர் கையில் அது இருக்க வேண்டும் என்பதற்கான வாதங்கள். அதற்கு நல்ல முன்மாதிரிகள் இந்நாட்டிலேயே உள்ளன. கேரளத்தின் ‘கைட்’ நிறுவனம் 2024இல் மாணவர் கையில் எதையும் திணிப்பதற்கு முன், 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் திட்டமிட்டுத் தொடங்கியது. 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் முதல் கட்டற்ற மென்பொருளையும் ஆசிரியர் பயிற்சியையும் படிப்படியாக வளர்த்த மாநிலம் அது. கர்நாடகத்தில் ‘சிக்ஷா கோபைலட்’ என்ற கருவி, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாடத்திட்டக் குறிப்புகளை விரைந்து ஆயத்தம் செய்ய உதவுமாறு அமைக்கப்பட்டது. குறிப்பை இயந்திரம் வரையும்; திருத்துவதும் ஏற்பதும் தள்ளுவதும் ஆசிரியர். மிச்சமாகும் நேரம் குழந்தைக்குப் போகும். இந்தத் திசையே நம்பத்தக்க திசை.

ஆகவே கல்வியின் தரத்தில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் ஆட்சியாளரிடம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

ஒற்றை ஆசிரியர் பள்ளிகளில் இரண்டாம் ஆசிரியர் அமரும் நாளை முதலில் அறிவிக்க வேண்டும். அப்பணியிடத்துக்கு மாற்றாக எந்தச் செயலியையும் கணக்குக் காட்டலாகாது. கோத்தாரி குழு 1966இல் கேட்டதும் 2020ஆம் ஆண்டுக் கொள்கை மீண்டும் ஒப்புக்கொண்டதுமான, நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு என்ற ஒதுக்கீடு இன்றுவரை எட்டப்படவில்லை. அதை எட்டாமல் இயந்திரத்தின் சிக்கனத்தைப் புகழ்வது பொருந்தாது.

கருவி முதலில் ஆசிரியரின் கைக்குச் செல்ல வேண்டும்: குழந்தை வாசிப்பதைக் கேட்டு நிலையறிய, விடைத்தாளில் பொதுவான பிழைகளைத் தொகுக்க, பதிவேட்டுச் சுமையைக் குறைக்க. ஆசிரியரைக் கண்காணிக்க அன்று.

மாணவர் கையில் தரப்படும் எந்தக் கருவியும், அதை எடுத்துவிட்ட பின் குழந்தைக்கு என்ன எஞ்சுகிறது என்ற தேர்வில் வெல்ல வேண்டும். அந்த மதிப்பீட்டை விற்பவர் செய்யலாகாது. முடிவுகள் பொதுவில் வர வேண்டும். 2022இல் 2200 கோடி டாலர் மதிப்பில் இருந்து, 2024இல் திவால் நடவடிக்கைக்குள் சென்ற ‘பைஜூஸ்’ நிறுவனத்தின் கதை, சந்தையின் மதிப்பும் கற்றலின் மதிப்பும் ஒன்றல்ல என்பதற்குப் போதுமான பாடம்.

பீலியும் கோண்டியும் உள்ளிட்ட குழந்தைகளின் வீட்டு மொழிகளில், பொதுப்பணத்தில், பொதுச்சொத்தாகப் பேச்சுத்தரவு உருவாக வேண்டும். குழந்தையின் கற்றல் பதிவு பள்ளியை விட்டு வெளியேறலாகாது.

இறுதியாக ஒன்று. பெருநகரங்களின் உயர்கட்டணப் பள்ளிகள் தம் விளம்பரங்களில் எதைப் பெருமையாகச் சொல்கின்றன என்று பார்த்தால் போதும். வகுப்புக்குக் குறைந்த மாணவர், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர், நூலகம், ஆடுகளம். அப்பள்ளிகளிலும் இயந்திரம் உண்டு. ஆனால் ஆசிரியருக்குப் பக்கத்தில் உண்டு. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் இயந்திரமும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இயந்திரம் மட்டும் என்றொரு நாடு உருவாகுமானால், அதன் கல்வித் தரம் உயர்ந்ததாகக் காட்டும் வரைபடங்களை அதே இயந்திரங்கள் அழகாக வரைந்து தரும். அவற்றைப் படித்துப் பார்க்கும் ஆற்றல் அந்தப் பிள்ளைக்கு இருக்குமா என்பதே இனி ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.